பண்பு ஓரிடம், பண்பி ஓரிடம்

கருங்குதிரை, வட்டப்பலகை, நெடுங்கோல், தீங்கரும்பு என்னும் எடுத்துக்காட்டுகள் பண்புத்தொகை பயின்ற மாணாக்கர் அனைவரும் அறிந்தவை. வண்ணம், வடிவு, அளவு, சுவை முதலாயின பற்றிப் பண்புத்தொகை பிறக்கும் என்பது தொல்காப்பிய எச்சவியல் தரும் செய்தி. 'கருமையாகிய குதிரை' என்று விரித்துக் காட்டும்போது பண்பையும் பண்பியையும் நாம் பிரிக்கிறோம். எனினும் அப்பிரிப்பு சொல்லளவில் நிகழ்வதே என்றும், உலகில் கருமை குதிரையை விட்டுத் தனியே திரிவதில்லை என்றும் உடனே சேர்த்துச் சொல்கிறோம். உலகைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. ஆனால், நம் மூளையைப் பொறுத்தவரை உண்மையன்று என்பது சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் உளவியலார் கண்ட முடிவு. அங்கே கருமை வேறாகவும் குதிரை வேறாகவும் சிறிது நேரம் நிற்கின்றன. அவற்றை மீண்டும் கூட்டும்போது கருமை பக்கத்தில் நின்ற பசுவின்மேல் ஏறிவிடுதலும் உண்டு.

காட்சிப் பிழையை ஐயம் எனவும் திரிபு எனவும் நம் முன்னோர் பகுத்தனர். கயிறோ பாம்போ எனத் துணியமாட்டாது நிற்பது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு. இவ்விரண்டிலும் இல்லாத ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. பாம்பு அங்கே இல்லை. நாம் ஈண்டு ஆராயப் புகும் பிழையோ வேறு வகையினது. இதில் கண்டவை யாவும் அங்கே உள்ளவையே. நிறம் உண்டு, வடிவு உண்டு, பொருளும் உண்டு. எது எதனோடு சேர்ந்தது என்பது மட்டுமே பிழை. ஆங்கிலத்தில் வழங்கும் பெயருக்கு ஈடாக இதனைப் 'பொய்ப் பிணைப்பு' என்று அழைக்கலாம்.

இப்பிழையை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியவர் ஆன் ட்ரீஸ்மன் என்னும் ஆங்கிலேய உளவியல் அறிஞர் (1935–2018). 2002-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் இவர்தம் கணவர். கணவரின் புகழ் நிழலில் மனைவியின் ஆய்வு நம்மிடையே போதிய அளவு பேசப்படாமற் போனது என்பது எம் கருத்து. ட்ரீஸ்மன் தம் கட்டுரையொன்றில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். நெரிசல் மிக்க தெருவில் நடந்து சென்ற அவருடைய நண்பர், உடன் பணிபுரியும் ஒருவரைக் கண்டதாக எண்ணி அழைக்க முற்பட்டார். மறுகணமே, தாம் கண்ட கருந்தாடி ஒருவருடையது என்பதும், வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியும் வேறொருவருடையவை என்பதும் விளங்கின. தெருவில் இல்லாத ஒரு மனிதரை, தெருவில் இருந்த இருவரின் உறுப்புகளைக் கொண்டு அவர் உள்ளம் படைத்துவிட்டது. செய்யுளில் ஆங்காங்குக் கிடக்கும் சொற்களை எடுத்துப் பொருளுக்கேற்பக் கூட்டுவதைக் கொண்டுகூட்டுப் பொருள்கோள் என்கிறோம். அந்த நண்பரின் உள்ளம் செய்ததும் ஒரு கொண்டுகூட்டே.

இது எங்ஙனம் நிகழ்கிறது என அறிய, கண்ணுக்குப் பின்னே நடைபெறுவதைச் சிறிது நோக்க வேண்டும். கண் என்பது ஒளிப்படக் கருவி போன்றது. அதில் விழும் படம் அப்படியே மூளையில் பதிகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் முழுப் படம் என்று மூளையில் எங்கும் ஒன்று இல்லை. கண்ணிலிருந்து செல்லும் செய்தி பல கூறுகளாகப் பிரிந்து, மூளைப் புறணியின் வெவ்வேறு பகுதிகளில் ஆராயப்படுகிறது. நிறத்தைப் பெரிதும் ஆயும் பகுதி ஒன்று. அசைவை ஆயும் பகுதி பிறிதொன்று. இதனை இலண்டனில் ஆய்வு செய்த செமீர் ஸெக்கி 1970-களில் குரங்குகளின் மூளையைக் கொண்டு காட்டினார். நோயாளிகளிடத்தும் இதற்குச் சான்று உண்டு. மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதி பழுதுற்ற சிலருக்கு உலகம் முழுதும் நிறமிழந்து சாம்பல் வண்ணமாகத் தோன்றும். வடிவங்களில் குறை இராது. ஜெர்மனியில் ஒரு பெண்மணிக்கு இதற்கு மாறான இழப்பு நேர்ந்தது. நிறமும் வடிவும் நன்கு தெரிந்தன. அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றினால் தேநீர் உறைந்த பனிபோல் நிற்கக் காண்பார். கோப்பை நிரம்பி வழிவதை அறியார். அறையில் உள்ளோர் நடந்து வருவது தெரியாமல், இங்கிருந்தவர் திடீரென அங்கிருப்பதாகத் தோன்றும். இவரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1983-இல் வெளிவந்தது.

காட்சியை இவ்வாறு கூறுபடுத்தி நோக்கும் சிந்தனை அண்மைக் காலத்தது மட்டுமன்று. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து ஏறத்தாழ 1040-இல் மறைந்த இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில் கண்ணாற் காணப்படும் பண்புகள் இருபத்திரண்டு என வரையறுத்தார். ஒளி, நிறம், தொலைவு, இடம், வடிவு, பருமன், எண், அசைவு, அசைவின்மை, வழவழப்பு, சொரசொரப்பு, நிழல், அழகு, ஒப்புமை என அப்பட்டியல் விரியும். அழகைக்கூடத் தனியொரு பண்பாக அவர் எண்ணியது இலக்கியம் பயில்வோர் கருதத் தக்கது. பண்புகளைப் பட்டியலிட்டதோடு அவர் நிற்கவில்லை. ஒரே பார்வையில் மேலோட்டமாகக் காண்பது வேறு, ஆழ்ந்து நோக்கிக் காண்பது வேறு எனக் காட்சியை இருவகையாகப் பகுத்தார். காட்சி பிழைபடாதிருக்க வேண்டிய எட்டு நிலைமைகளுள், தொலைவு, ஒளி முதலியவற்றோடு, போதிய கால அளவையும் ஒன்றாக வைத்தார். காணும் காலம் சுருங்கினால் காட்சி பிழைபடும் என்ற அவர் கருத்துக்கும், ட்ரீஸ்மன் செய்த சோதனைக்கும் இடையே ஏறத்தாழ 950 ஆண்டுகள் கடந்தன.

அச்சோதனை மிக எளிமையானது. ட்ரீஸ்மன் தம் உடனாய்வாளர் ஹில்லரி ஷ்மிட் என்பாரோடு சேர்ந்து 1982-இல் வெளியிட்டது. ஓர் அட்டையின் இரு ஓரங்களிலும் கருநிற எண்கள் இரண்டு. இடையில் வெவ்வேறு நிறங்களில் மூன்று எழுத்துகள். இவ்வட்டை ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைந்த நேரமே காட்டப்படும். முதலில் எண்களைப் பிழையின்றிச் சொல்ல வேண்டும். அதன் பின்னரே எழுத்துகளையும் அவற்றின் நிறங்களையும் சொல்லலாம். எண்கள் ஏன் எனில், கவனத்தை இரு ஓரங்களுக்கும் இழுத்து வைப்பதற்கே. நடுவிலிருக்கும் எழுத்துகள்மேல் கவனம் ஊன்ற இயலாது போகும்.

முடிவு வியப்பளிப்பது. சிவப்பு 'எக்ஸ்' எழுத்தும் பச்சை 'டி' எழுத்தும் இருந்த அட்டையில் பச்சை 'எக்ஸ்' எழுத்தைக் கண்டதாகப் பலரும் பல முறை உரைத்தனர். நேரம் போதாமையால் ஊகித்துச் சொல்லியிருக்கலாமே என்று நாம் வினவக்கூடும். ஆய்வாளர் அதனையும் எண்ணியே திட்டமிட்டிருந்தனர். வெறும் ஊகமாயின், அட்டையில் அறவே இல்லாத நிறங்களையும் அதே அளவு சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னது மிகக் குறைவு. அட்டையில் இருந்த நிறங்களே இடம் மாறின. அதாவது, நிறங்களைச் சரியாகக் கண்டனர், எழுத்துகளைச் சரியாகக் கண்டனர், பிணைப்பில் தவறினர். நிரல்நிறைப் பொருள்கோளில் பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரியவற்றை மற்றொரு வரிசையிலும் புலவர் நிறுத்துவார். முதலதற்கு முதலது, இரண்டாவதற்கு இரண்டாவது எனக் கொள்ள வேண்டியது படிப்போர் கடமை. வரிசை நழுவினால் சொல் ஒவ்வொன்றும் புரியும், பொருள் கெடும். அட்டையைக் கண்டோர்க்கு நேர்ந்ததும் அதுவே.

இவ்வரிசையைக் காப்பது எது? கவனமே என்பது ட்ரீஸ்மன் தரும் விடை. கெலாட் என்பாரோடு சேர்ந்து 1980-இல் அவர் வெளியிட்ட கோட்பாட்டின்படி, நிறம், வடிவம், சாய்வு போன்ற தனிப்பண்புகள் கவனமின்றியே, ஒரே வேளையில், காட்சி முழுவதிலும் பதிவாகின்றன. அவற்றைப் பொருள்களாகச் சேர்ப்பதற்கோ, கவனம் ஒவ்வோர் இடமாகச் சென்று படிய வேண்டும். விளக்கின் ஒளிவட்டம் போல அது ஓரிடத்தில் விழ, அவ்விடத்துப் பண்புகள் யாவும் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. இதனை எவரும் சோதித்து அறியலாம். வெள்ளைச் சட்டையினர் நூறு பேர் நிற்கும் திடலில் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவரைக் காண்பதற்கு நேரமே ஆகாது. கூட்டம் இருநூறாயினும் அவ்வாறே. சிவப்புச் சட்டையும் தொப்பியும் அணிந்தவர் ஒருவரை, தொப்பியில்லாச் சிவப்புச் சட்டையினரும் தொப்பியணிந்த வெள்ளைச் சட்டையினரும் கலந்த கூட்டத்தில் தேடிப் பார்த்தால் தெரியும்: ஒவ்வொருவராகப் பார்த்துச் செல்ல வேண்டும், கூட்டம் பெருகப் பெருகத் தேடும் நேரமும் பெருகும். இக்கோட்பாடு அப்படியே நிலைத்துவிட்டது எனக் கூறுவதற்கில்லை. பிணைப்புப் பிழைகளுள் சில காணும்போது நிகழ்ந்தவை அல்ல, நினைவில் நிகழ்ந்தவையே என வாதிட்டோர் உண்டு. தேடுதல் பற்றிய பகுதியும் பின்வந்தோரால் திருத்தப்பட்டது. எனினும், பண்புகளைப் பிணைப்பது மூளைக்கு ஒரு தனிப்பணி என்னும் அடிப்படையை மறுப்போர் அரியர்.

அப்பணி அடியோடு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஹங்கேரி நாட்டு மருத்துவர் ரெசோ பாலிண்ட் 1909-இல் விவரித்த அரிய நோய் ஒன்றில், மூளையின் பின்மேற்பகுதி இருபுறமும் பழுதுறும். நோயாளி ஒரு நேரத்தில் ஒரு பொருளையே காண்பார். அது எங்கே இருக்கிறது என்று கைநீட்டிக் காட்ட அவரால் இயலாது. இந்நோய் உற்ற ஒருவரிடம் இரு வண்ண எழுத்துகளை மட்டும் காட்டி ட்ரீஸ்மனும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, 1995-இல் வெளியிட்டனர். நம்மைப் போன்றோர்க்கு ஒரு நொடியின் சிறு பங்கில் மட்டும் நிகழும் பிழை, அவர் பத்து நொடிகள் வரை பார்த்துக்கொண்டிருந்தபோதும் நிகழ்ந்தது. ஓர் எழுத்தின் நிறம் மற்றதன்மேல் சென்று அமர்ந்தது. இடம் பற்றிய உணர்வு அவரிடத்தே அழிந்துவிட்டமையால், பண்புகளைக் கட்டி நிறுத்தும் முளை இல்லாது போயிற்று என்பர் ஆய்வாளர். ஒரு திணையின் பூவும் புள்ளும் பிறிதொரு திணையில் வந்து மயங்கலாம், நிலமும் நிலமும் மயங்குதல் இல்லை என்னும் அகத்திணையியல் கருத்து இவ்விடத்தே நினைவுக்கு வருகிறது. நம் கண்ணில் கருப்பொருள்கள் மட்டும் மயங்குகின்றன. அந்நோயாளிக்கோ நிலமே மறைந்துவிட்டது.

எழுத்துகளிலும் இவ்வியல்பு உண்டு. ஆங்கிலச் சொற்கள் இரண்டினை அருகருகே நொடிப்பொழுது காட்டியபோது, ஒன்றன் எழுத்து மற்றதனுள் புகுந்து இல்லாத சொல்லொன்று படிக்கப்பட்டதை மைக்கேல் மோஸர் 1983-இல் காட்டினார். தமிழில் எடுத்துக்காட்டுத் தருவதானால், 'கடல்', 'படம்' என்னும் இரண்டையும் கண்டவர் 'கடம்' என்றோ 'படல்' என்றோ படிப்பதை ஒக்கும். மெய்ப்புத் திருத்துவோர் கருத்தில் கொள்ளத் தக்க செய்தி இது.

ஒலிக்கும் காட்சிக்கும் இடையே நிகழும் பிணைப்பை நாம் விரும்பியே ஏற்கிறோம். பொம்மையைப் பேச வைக்கும் கலைஞர் தம் வாயை அசைக்காது பேச, பொம்மையின் வாயசைவும் அவர் குரலும் நம் உள்ளத்தில் ஒன்றாகின்றன. திரையரங்கிலோ இதனை நாம் கவனிப்பதுகூட இல்லை. டி.எம். சௌந்தரராசனின் ஒரே குரல், ஒரு படத்தில் எம்.ஜி.ஆர். வாயிலும் மறு படத்தில் சிவாஜி கணேசன் வாயிலும் பிறந்தது. அரங்கின் ஒலிபெருக்கி எங்கிருந்தது என எவரும் தேடவில்லை.

இனி, இப்பிழையின் கனமான பக்கத்துக்கு வருவோம். ட்ரீஸ்மன் செய்த மற்றொரு சோதனையில் செம்மஞ்சள் முக்கோணம், நீல நீள்வட்டம், கறுப்பு வளையம் முதலியன காட்டப்பட்டன. வெறும் வடிவங்கள் என்று சொன்னபோது நிறங்கள் இடம் மாறின. காரட், ஏரி, சக்கரத்தின் டயர் என்று முன்கூட்டியே சொன்னபோது பிழை குறைந்தது. காரட் எந்நிறத்தது என்பதை உள்ளம் முன்பே அறியும் அன்றோ! ஆகவே, பிணைப்பில் கவனத்தோடு முன்னறிவுக்கும் பங்குண்டு. முன்னறிவு மெய்யாயின் அது நன்மை. அது முற்சாய்வாயின்?

கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் வதந்தி பற்றி எழுதிய நூல் 1947-இல் வெளிவந்தது. சுரங்க இரயில் பெட்டியொன்றின் படம் அவர்கள் கையாண்ட படங்களுள் ஒன்று. அதில் வெள்ளையர் ஒருவர் கையில் சவரக் கத்தியோடு கறுப்பர் ஒருவரிடம் பேசிக்கொண்டு நிற்கிறார். படத்தைப் பார்த்தவர் அடுத்தவர்க்கு விவரிக்க, அவர் அடுத்தவர்க்குச் சொல்ல, இவ்வாறு செய்தி கைமாறும். இச்சோதனைகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றில், ஏதோ ஒரு கட்டத்தில், கத்தி கறுப்பர் கைக்குச் சென்றுவிட்டது. இங்கே புதிதாக ஏதும் புனையப்படவில்லை. கத்தி இருந்தது, இரு மனிதரும் இருந்தனர், பிணைப்பு மட்டும் மாறியது. அம்மாற்றத்தின் திசையைத் தீர்மானித்தது கண்ணன்று, அந்நாட்டில் நிலவிய நிறவெறி. இச்சோதனையை எடுத்தாண்ட பிற்கால நூல்கள் சில, படத்தை நேரில் கண்டவர்களே அவ்வாறு தவறாகச் சொன்னதாக எழுதிவிட்டன. செவிவழிச் செய்தி பற்றிய ஆய்வு கண்கண்ட சாட்சி பற்றிய ஆய்வாக மாறியது. இதனை 1987-இல் இரு ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். பிணைப்பு மாறும் நோய் நூலாசிரியரையும் விடுவதில்லை போலும்!

நீதிமன்றத்தில் சாட்சி கூறுவோரை இந்நோக்கில் எண்ணிப் பார்க்க வேண்டும். பொய் உரைப்பவர் ஒருபுறம், மறந்துவிட்டவர் ஒருபுறம். இவ்விருவரும் அல்லாத மூன்றாமவர் உண்டு. இவர் தாம் மெய்யாகக் கண்ட முகத்தை, மெய்யாகக் கண்ட செயலோடு தவறாகப் பிணைத்தவர். கண்ட ஒவ்வொன்றும் உண்மையாதலின் இவர் நா தடுமாறாது, கண் தாழாது. எவ்வளவு தொலைவிலிருந்து கண்டீர், வெளிச்சம் எத்தகையது, எத்தனை நொடிகள் என்னும் வினாக்கள் குறுக்கு விசாரணையில் கேட்கப்படுவன. அவ்வேளையில் அருகே வேறு யார் யார் இருந்தனர், அதற்குச் சற்று முன்னும் பின்னும் யாரைக் கண்டீர் என்னும் வினாக்களையும் அதே அளவு வற்புறுத்திக் கேட்க வேண்டும் என்பது எம் துணிபு. பிணைப்பு மாறுவதற்கான பண்புகள் அங்கிருந்தே வருகின்றன.

இதற்கு இரு வழக்குகளைக் காட்டலாம். இவ்விரண்டிலும் பிணைப்பு பிறழ்ந்தது நொடிப் பார்வையில் அன்று, நினைவில். ஆயினும் பிழையின் அமைப்பு ஒன்றே. ஆஸ்திரேலிய உளவியலார் டொனால்ட் தாம்ஸன் 1970-களில் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணால் ஐயத்துக்கிடமின்றி அடையாளம் காட்டப்பட்டார். கொடுமை நிகழ்ந்த நேரத்தில் அவர் தொலைக்காட்சி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். தாக்கப்படுவதற்குச் சற்று முன் அப்பெண் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நிகழ்ச்சியையே. திரையில் கண்ட முகம் கொடியவன்மேல் படிந்துவிட்டது. தாம்ஸன் ஆராய்ந்த துறை மனிதரின் நினைவாற்றல்.

மற்றொன்று, 1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் தகர்க்கப்பட்டு 168 பேர் மாண்ட வழக்கு. வெடிமருந்து ஏற்றப்பட்ட சுமையுந்தை டிமொதி மக்வே ஏப்ரல் 17-இல் கான்சஸ் மாநிலத்து வாடகைக் கடையொன்றில் எடுத்திருந்தார். அக்கடையின் பணியாளர் ஒருவர், மக்வேயோடு இரண்டாமவர் ஒருவரும் வந்ததாகக் கூறி, கட்டான உடல், கையில் பச்சை குத்திய குறி, நீலமும் வெள்ளையும் கலந்த தொப்பி என அடையாளங்கள் சொன்னார். அவற்றைக் கொண்டு வரைந்த படம் நாடெங்கும் பரப்பப்பட்டது. மாபெரும் தேடுதல் நடந்தது. புலனாய்வுத் துறையினர் இறுதியில் அப்படத்துக்குரியவரைக் கண்டனர். அவர் ஓர் எளிய படைவீரர். மக்வே வந்து சென்றதற்கு மறுநாள், ஏப்ரல் 18-இல், படையைச் சேர்ந்த வேறொருவரோடு அதே கடைக்கு வண்டி எடுக்க வந்தவர். உடன் வந்தவர் தோற்றத்தில் மக்வேயை ஓரளவு ஒத்திருந்தார். பச்சை குத்திய குறியும் தொப்பியும் அப்படைவீரரிடம் இருந்தவையே. அவருக்கும் குற்றத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று 1995 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் அந்த இரண்டாம் மனிதரைத் தேடுவோர் பல்லாண்டுகள் தேடிக்கொண்டே இருந்தனர்.